மாவுப்பூச்சியின் பெருக்கல் கணக்கு

உங்கள் வீட்டுக் கொல்லையிலோ பள்ளித் தோட்டத்திலோ பப்பாளி மரம் நிற்கிறதா? நின்றால், இன்று மாலை அதன் இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில், நடு நரம்பை ஒட்டி, யாரோ அரிசி மாவைக் கிள்ளித் தூவியதுபோல வெள்ளையாக ஏதேனும் தெரிகிறதா? பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. தெரிந்தாலும் ஒரு சிட்டிகை அளவுதான் இருக்கும்.

2009ஆம் ஆண்டில் கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கத்து ஊர்களில் இலையைத் திருப்பிப் பார்க்கும் வேலையே இருக்கவில்லை. மரம் முழுவதும் சுண்ணாம்பு அடித்ததுபோல நின்றது. இலை, தண்டு, காய் எல்லாவற்றின் மேலும் பஞ்சாக அப்பிக் கிடந்தது. காய்கள் பழுக்குமுன்பே உதிர்ந்தன. மரவள்ளியின் கொழுந்துகள் சுருண்டு குட்டையாயின. பட்டுப்புழுவுக்கு இரையாக வளர்த்த மல்பெரித் தோட்டங்கள் வெளுத்துப் போயின. பட்டுப்புழு வளர்ப்பவர்களின் பாடுதான் பெரும்பாடு. மருந்து தெளித்தால் அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழுவும் சாகும். தெளிக்காவிட்டால் தின்ன இலையே இராது.

எங்கள் வீட்டிலும் ஒரு பப்பாளி மரம் இருந்தது. வெள்ளை பிடித்ததும் அதை வெட்டி வேலியோரமாகப் போட்டேன். நல்ல காரியம் செய்துவிட்டதாகவே நினைப்பு. இரண்டு வாரத்தில் வேலியிலிருந்த செம்பருத்தி வெளுத்தது. பிறகு அதன் காலடியில் முளைத்திருந்த துத்திச் செடியும் வெளுத்தது. வெட்டிய மரம் காயக் காய, அதிலிருந்த பூச்சிகள் பசியோடு நகர்ந்து பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டன என்பது பின்னால்தான் எனக்கு விளங்கிற்று.

இந்தப் பூச்சியின் பெயர் பப்பாளி மாவுப்பூச்சி. அறிவியல் பெயர் பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ். இதன் தாயகம் மெக்சிகோவும் அதையடுத்த மத்திய அமெரிக்க நாடுகளும். மெக்சிகோவில் 1955ஆம் ஆண்டிலேயே இதைப் பிடித்துச் சேகரித்து வைத்தார்கள். ஆனால் ஒரு புதிய இனமென்று விவரித்துப் பெயர் சூட்டியது 1992இல்தான். முப்பத்தேழு ஆண்டு! காரணம் சோம்பேறித்தனம் அன்று. அங்கே இது யாருக்கும் பெரிய தொல்லை கொடுக்கவில்லை. தொல்லை கொடுக்காத பூச்சியை யார் தேடிப் போவார்கள்?

பெயர் சூட்டிய கொஞ்ச காலத்தில் அது பயணம் புறப்பட்டது. 1995இல் கரீபியன் கடலிலுள்ள செயின்ட் மார்ட்டின் தீவில் காணப்பட்டது. 1998இல் அமெரிக்காவின் புளோரிடா; 2002இல் பசிபிக் கடலிலுள்ள குவாம் தீவு; 2004இல் ஹவாய். 2008இல் இந்தோனேசியாவிலும் இலங்கையிலும் கண்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் கோவையில் பப்பாளி மரத்தில் அது இருப்பது கண்டறியப்பட்டது. அதாவது, கோவையில் ஒரு மரத்தில் கண்டதற்கும் பல மாவட்டங்கள் வெளுத்துப் போனதற்கும் இடையே இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மெக்சிகோவிலும் அதே பூச்சி. கோவையிலும் அதே பூச்சி. அங்கே ஒரு தாய் எத்தனை முட்டையிடுமோ, இங்கேயும் ஏறத்தாழ அத்தனைதான் இடும். அப்படியிருக்க, அங்கே 37 ஆண்டு பெயரில்லாமல் கிடந்த ஒன்று இங்கே வந்து வெள்ளமாகப் பெருகியது எப்படி? இதற்கு விடை காண, முதலில் அதன் வாழ்க்கையையும் பிறகு கொஞ்சம் கணக்கையும் பார்க்க வேண்டும்.

முட்டை முதல் முட்டை வரை

நாம் கண்ணால் பார்க்கும் வெள்ளை மாவு பூச்சியன்று. பூச்சியின் மேலுள்ள மெழுகு. மெழுகைத் துடைத்தால் உள்ளே மஞ்சள் நிறத்தில், 2 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில், மென்மையான உடல் இருக்கும். அதுதான் தாய்ப்பூச்சி. அதற்கு இறக்கை கிடையாது. ஊசிபோன்ற வாயைச் செடியின் திசுவுக்குள் செலுத்தி, சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

தாய்ப்பூச்சி தன் உடலின் பின்புறத்தில் மெழுகு இழைகளால் ஒரு பை பின்னுகிறது. அதற்குள் பச்சை கலந்த மஞ்சள் நிற முட்டைகளை ஒன்று இரண்டு வாரம் தொடர்ந்து இடுகிறது. ஒரு தாய் 100 முதல் 600 முட்டைவரை இடும். இட்டு முடித்ததும் சுருங்கி இறந்துவிடும். முட்டைகள் மழையில் நனையாமலும் வெயிலில் காயாமலும் அந்தப் பைக்குள் பத்திரமாக இருக்கும்.

சுமார் 10 நாளில் குஞ்சுகள் வெளிவருகின்றன. பிறந்த குஞ்சுக்கு ஆறு கால்கள் உண்டு. தாயைப்போல ஒரே இடத்தில் அமர்ந்திருக்காமல் ஊர்ந்து இடம் தேடும். இந்தப் பூச்சியின் வாழ்வில் ஊர் விட்டு ஊர் போகும் பருவம் இதுதான். அதன் உடலில் மெழுகு இன்னும் படியாததால் தூசிபோல இலேசாக இருக்கும். காற்று அதைத் தூக்கிச் செல்கிறது. ஆட்டின் உரோமம், தோட்டத்தில் வேலை செய்பவரின் சட்டை, சந்தைக்குப் போகும் கூடை எல்லாம் அதற்கு வாகனமே. எறும்புகூட ஒரு வாகனந்தான். எறும்பைப் பற்றிச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

நல்ல இடம் கிடைத்ததும் குஞ்சு வாயைச் செருகி உறிஞ்சத் தொடங்கும். வளர வளரத் தோலுரிக்கும். பெண்குஞ்சு மூன்று பருவங்களைக் கடந்து தாயாகிறது. ஒவ்வொரு பருவத்திலும் உருவம் ஏறக்குறைய ஒன்றுதான். அளவு மட்டும் பெருக்கும். ஆண் வேறு வழியில் போகிறது. இரண்டு பருவம் குஞ்சாக இருந்துவிட்டு, வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை நினைவூட்டும் உறக்க நிலைக்குப் போய், கடைசியில் இறக்கையோடு வெளிவருகிறது. இளஞ்சிவப்பு நிறமான சிறு பூச்சி அது. வளர்ந்த ஆணுக்கு உண்ணப் பயன்படும் வாய் இல்லை. சில நாட்களே உயிரோடிருந்து, இணை சேர்ந்து மடிகிறது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று பறப்பதும் மற்றொன்று சாகும்வரை உட்கார்ந்தே இருப்பதும் விந்தைதானே!

25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் முட்டை பொரிந்து பெண்ணாக வளர ஏறத்தாழ 25 நாள் ஆகிறது. அது இணை சேர்ந்து முட்டையிடத் தொடங்கும்வரை கணக்கிட்டால் ஏறத்தாழ ஒரு மாதம். குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்து பல பூச்சிகளை ஒடுக்கிவிடும். நம் ஊர்ச் சமவெளியில் அந்த ஓய்வு கிடையாது. ஆண்டு முழுவதும் தலைமுறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஒரே இலையில் பாட்டி, தாய், பேத்தி மூவரும் இருப்பார்கள்!

எறும்புக்கு என்ன வேலை?

செடியின் சாற்றில் சர்க்கரை நிறைய உண்டு. புரதம் மிகக் குறைவு. உடல் வளரத் தேவையான புரதத்தைப் பெற மாவுப்பூச்சி ஏராளமான சாற்றைக் குடிக்க வேண்டியிருக்கிறது. மிஞ்சிய சர்க்கரைத் தண்ணீரை உடலுக்கு வெளியே சொட்டுச் சொட்டாகக் கழித்துவிடுகிறது. அந்தப் பிசுபிசுப்பு இலையின்மேல் விழ, அதில் கரிபோன்ற பூஞ்சை படர்கிறது. இலைக்கு வெயில் எட்டாமல் போகிறது. சாறு இழந்தது ஒரு நட்டம். வெயில் இழந்தது இன்னொரு நட்டம்.

எறும்புக்கு அந்தத் தித்திப்புத்தான் விருந்து. விருந்து தருபவரைக் காப்பது விருந்தாளியின் கடமையல்லவா? மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டை எறும்புகள் கடித்து விரட்டுகின்றன. சில வேளை குஞ்சுகளைச் சுமந்து புதிய கொழுந்துகளில் கொண்டுபோய் விடவும் செய்கின்றன. செடியில் எறும்புச் சாரை ஏறி இறங்கினால், மேலே என்ன இருக்கிறதென்று பாருங்கள்.

இப்போது பென்சிலை எடுங்கள்

முட்டைகள் 100 முதல் 600 என்று கண்டோம். கணக்கு எளிதாக இருக்க 200 என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி பெண். ஆக ஒரு தாய்க்கு 100 மகள்கள். எல்லாரும் பிழைத்து, ஒரு மாதத்தில் தாயாகி, ஒவ்வொருவரும் 100 மகள்களைப் பெற்றால் என்ன ஆகும்?

முதல் தலைமுறையில் 100. இரண்டாவதில் 10,000. மூன்றாவதில் 10 லட்சம். நான்காவதில் 10 கோடி. நான்கே மாதம்! ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர் என்று வைத்து வரிசையாக நிறுத்தினால், வரிசையின் நீளம் 200 கிலோமீட்டர் ஆகும். கோவையில் தொடங்கி ஏறத்தாழத் திருச்சியில் வந்து முடியும். ஐந்தாவது தலைமுறையை நீங்களே போட்டுப் பாருங்கள். எந்த ஊர்வரை போகிறதென்று தேச வரைபடத்தில் தேட வேண்டாம். பூகோள உருண்டை வேண்டியிருக்கும்.

இது ஒருபோதும் நடப்பதில்லை என்பது நமக்குத் தெரியும். மெக்சிகோவிலும் நடக்கவில்லை, கோவையிலும் இந்த அளவுக்கு நடக்கவில்லை. ஏன்? பிறப்பவை எல்லாம் பிழைப்பதில்லை. பெரும்பாலானவை இறந்துவிடுகின்றன. அப்படியானால் நாம் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை பிறக்கின்றன என்பதன்று. நூறு மகள்களில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்பதே.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பலரும் இடறி விழும் இடம் இது. நூற்றில் 99 இறந்து ஒரே ஒரு மகள் பிழைத்தால் என்ன ஆகும்? தாய் இருந்த இடத்தில் ஒரு மகள். ஓர் ஆண்டு, அதாவது 12 தலைமுறை கழித்துப் பார்த்தாலும் ஒன்றுதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நூற்றில் 98 இறந்து இருவர் பிழைத்தால்? ஒவ்வொரு மாதமும் இரட்டிப்பு. 2, 4, 8, 16 என்று ஏறி, 12 தலைமுறையில் 4,096 ஆகும்.

நூற்றில் 97 இறந்து மூவர் பிழைத்தால்? 3, 9, 27, 81... பன்னிரண்டாவது தலைமுறையில் 5,31,441!

99க்கும் 97க்கும் வித்தியாசம் எவ்வளவு? பரீட்சையில் 97 வாங்கியவரையும் 99 வாங்கியவரையும் நாம் ஒன்றாகத்தான் பாராட்டுவோம். பூச்சிக் கணக்கில் அந்த இரண்டு மதிப்பெண், ஒன்றுக்கும் ஐந்து லட்சத்துக்கும் உள்ள தூரம். ஒரு தோட்டத்தில் 97 சதவீதப் பூச்சி செத்துப்போயிற்று என்று யாரேனும் சொன்னால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். மிச்சம் 3 என்ன செய்யும் என்று கேளுங்கள்.

வரைபடத் தாளில் இந்த மூன்று கணக்கையும் மூன்று கோடுகளாக வரையுங்கள். முதல் கோடு தரையோடு தரையாகப் போகும். மூன்றாவது கோடு முதல் சில மாதங்கள் ஒன்றுமே நடக்காததுபோலப் படுத்திருந்து, திடீரென்று நிமிர்ந்து தாளுக்கு மேலே போய்விடும். கோவையில் 2008இல் ஒரு மரத்தில் இருந்தது 2009இல் தோட்டம் தோட்டமாகத் தெரிந்ததன் காரணம் இந்தக் கோட்டின் வடிவத்தில் இருக்கிறது. விவசாயி கண்ணில் படும்போது கோடு நிமிர்ந்தாகிவிட்டது. இந்த ஏற்றமும் முடிவில்லாமல் போகாது. செடியில் சாறு வற்றினால் பூச்சிக்கும் உணவில்லை. கோடு வளைந்து தட்டையாகும். ஆனால் செடியின் சாவில் வரும் அந்த ஓய்வால் நமக்கு என்ன பயன்? அதற்குள் குஞ்சுகள் என் வேலியில் செய்ததுபோல அடுத்த செடிக்குப் போய்விடும்.

அந்த 99ஐக் கொல்வது யார்?

பலத்த மழை குஞ்சுகளை அடித்துக்கொண்டு போகிறது. காற்றில் பறந்த குஞ்சுகளில் பெரும்பாலானவை பாறையிலும் பாதையிலும் விழுந்து பட்டினியால் சாகின்றன. கடும் வெயிலும் கொல்லும். இவை மெக்சிகோவிலும் உண்டு, கோவையிலும் உண்டு. இவற்றால் நூற்றில் 90 போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். மிச்சம் 10.

அடுத்து, தின்ன வருபவர்கள். நம் ஊர்ப் பொறிவண்டுகள் மாவுப்பூச்சிகளைத் தின்னும். ஸ்பால்ஜிஸ் எபியஸ் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுவும் தின்னும். வண்ணத்துப்பூச்சிப் புழு என்றால் இலை தின்பது என்று படித்திருக்கிறோம். இது மாமிச பட்சிணி! மாவுப்பூச்சியின் மெழுகையே எடுத்து மேலே போர்த்திக்கொண்டு மாவுப்பூச்சிகளின் நடுவே உலவும். அதன் கூட்டுப்புழுவை உற்றுப் பார்த்தால் குட்டிக் குரங்கின் முகம் தெரியும். இவர்கள் எல்லாம் நல்ல உதவியாளர்கள். ஆனால் எந்த மாவுப்பூச்சி கிடைத்தாலும் தின்பவர்கள். ஓரிடத்தில் கூட்டம் சேர்ந்த பிறகே பெரிதாக வருபவர்கள். இவர்கள் பாதியைத் தின்றதாகக் கொள்வோம். 10இல் 5 மிச்சம். அப்போதும் ஒவ்வொரு மாதமும் ஐந்து மடங்கு பெருக்கம்.

பதறிய விவசாயி மருந்தடிக்கிறார். நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். ஆனால் மெழுகுப் போர்வை மருந்தை உடலில் பட விடுவதில்லை. பைக்குள் இருக்கும் முட்டைக்கு மருந்து எட்டுவதும் இல்லை. பொறிவண்டுக்கு மெழுகும் இல்லை, பையும் இல்லை. அது உடனே சாகிறது. இதையும் கணக்காகப் போடுவோம். மருந்தடித்த மாதத்தில் 10இல் 8 செத்து 2 மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். பெரிய வெற்றிபோலத் தெரிகிறது. அடுத்த மாதம் பொறிவண்டு இல்லை. பிழைப்பது 5 அன்று, 10. அதற்கடுத்த மாதமும் 10. மூன்று மாதம் கழித்து 2 × 10 × 10 = 200. மருந்தே அடிக்காத தோட்டத்தில் 5 × 5 × 5 = 125. செலவும் செய்து பூச்சியையும் கூட்டிக்கொண்டது எது? இந்த எண்கள் விளங்குவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. தோட்டத்துக்குத் தோட்டம் அவை மாறும். ஆனால் மருந்தடித்த சில வாரங்களில் பூச்சி முன்பைவிட அதிகமாகத் திரும்பி வருவது பல பயிர்களில் கண்ட உண்மை.

மெக்சிகோவில் விட்டுவந்த பகைவன்

மெக்சிகோவில் இந்தக் கணக்கில் இன்னொருவர் உண்டு. ஒரு குளவி. குளவி என்றதும் வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டுவதை எண்ண வேண்டாம். இதன் நீளம் 1 மில்லிமீட்டர்கூட இல்லை. நம்மைக் கொட்டாது. பெயர் அசெரோபேகஸ் பப்பாயே.

இந்தக் குளவி மாவுப்பூச்சியைத் தின்பதில்லை. இரண்டாம் பருவத்துக் குஞ்சாகத் தேடிப்பிடித்து, அதன் உடலுக்குள் ஊசிபோன்ற உறுப்பால் ஒரு முட்டையைச் செலுத்துகிறது. முட்டை பொரிந்து, புழு உள்ளிருந்தே மாவுப்பூச்சியைத் தின்கிறது. மாவுப்பூச்சி உப்பி, தோல் காய்ந்து, பழுப்பு நிறமான சின்னஞ்சிறு குப்பிபோல ஆகிவிடுகிறது. அந்தக் குப்பியில் வட்டமாக ஒரு துளை போட்டுக்கொண்டு புதிய குளவி வெளிவருகிறது. இவ்வளவும் நடக்க ஏறத்தாழ இரண்டு வாரமே ஆகும். மாவுப்பூச்சி ஒரு தலைமுறை முடிப்பதற்குள் குளவி இரண்டு தலைமுறை முடித்துவிடும்!

மருந்துக்கும் குளவிக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான். மருந்துப் புட்டி குட்டி போடாது. பூச்சி பெருகினால் குளவிக்குத் தொட்டில் பெருகும். ஆகவே குளவியும் பெருகும். பூச்சி குறைந்தால் குளவியும் குறையும். ஆனால் ஒளிந்திருக்கும் பூச்சியைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் அதன் பிழைப்பு என்பதால் அடியோடு அற்றுப்போகாது. 10 பேர் பிழைத்திருக்க வேண்டிய இடத்தில் குளவி 9 பேரை முடித்துவிட்டால் மிச்சம் ஒன்று. தாய்க்கு ஒரு மகள். கோடு தரையோடு தரையாகிவிட்டது.

மாவுப்பூச்சி கடல் தாண்டும்போது ஏதோ ஒரு செடியிலோ காயிலோ ஒட்டிய சில முட்டைப் பைகளாக வந்திருக்கலாம். முட்டைக்குள் இந்தக் குளவி இருப்பதில்லை. குஞ்சின் உடலில்தான் இருக்கும். ஆகவே பகைவன் ஊரிலேயே நின்றுவிட, பூச்சி மட்டும் கப்பலேறிவிட்டது. நம் கேள்விக்கு விடை கிடைத்ததா? கோவையில் அதிகம் பிறந்ததால் பெருகவில்லை. குறைவாக இறந்ததால் பெருகியது.

அப்படியானால் பகைவனையும் வரவழைத்தால் என்ன? இதை முதலில் கரீபியன் தீவுகளில் செய்து பார்த்தார்கள். பிறகு குவாமில். அங்கே குளவிகளை விட்ட ஓராண்டுக்குள் மாவுப்பூச்சி 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2010 ஜூலையில் அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து இந்தக் குளவியும் இதன் உறவினரான வேறு இரண்டு குளவி இனங்களும் பெங்களூருக்கு வந்தன.

வந்ததும் திறந்துவிடவில்லை. அயல்நாட்டுப் பூச்சியால் வந்த துன்பத்துக்கு இன்னோர் அயல்நாட்டுப் பூச்சியை அழைக்கிறோம், இதுவும் தொல்லையாகிவிட்டால்? பயிர்ப்பூச்சிகளை ஆராயும் மத்திய அரசு நிறுவனம் பெங்களூரில் இருக்கிறது. அங்கே பூட்டிய அறைகளில் குளவிகளை வைத்து, நம் நாட்டு வேறு பூச்சிகளைத் தாக்குகின்றனவா என்று சோதித்தார்கள். பப்பாளி மாவுப்பூச்சியை விட்டு வேறெதிலும் அவை நாட்டம் காட்டவில்லை என்பது உறுதியானது. பிறகு 2010 அக்டோபரில் கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வெளியிட்டார்கள்.

குளவியை ஆயிரக்கணக்கில் எப்படி வளர்ப்பது? அதற்கு மாவுப்பூச்சி வேண்டும். மாவுப்பூச்சிக்குச் செடி வேண்டும். ஆய்வுக்கூடத்தில் செடிக்கு எங்கே போவது? உருளைக்கிழங்கை இருட்டில் முளைக்க வைத்தார்கள். வெளிறிய முளைகளில் மாவுப்பூச்சியை ஏற்றி, மாவுப்பூச்சியின்மேல் குளவிகளை விட்டார்கள். அடுப்பங்கரைக் கூடையில் கவனிக்காமல் கிடந்து முளைவிடும் கிழங்கு இப்படியும் பயன்படுகிறது!

உண்மையில் கடினமான வேலை கிழங்கு அறையில் இல்லை, தோட்டத்தில் இருந்தது. குளவியை விட்ட பிறகு மருந்தடிக்கக் கூடாது. கண்ணெதிரே பயிர் வெளுத்து நிற்கையில், கண்ணுக்கே தெரியாத ஒரு குளவியை நம்பிக் கைகட்டிக்கொண்டு இருங்கள் என்று கடன் வாங்கிப் பயிர் வைத்தவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னார்கள், பலர் பொறுத்தார்கள். அடுத்த சில மாதங்களில் இலைகளில் பழுப்புக் குப்பிகள் தென்பட்டன. 2011ஆம் ஆண்டில் தமிழகத் தோட்டங்களில் வெள்ளை வெகுவாக விலகியது. அண்டை மாநிலங்களுக்கும் குளவிகள் சென்றன.

கவனியுங்கள்: மாவுப்பூச்சி ஒழிந்துவிடவில்லை. இன்றும் இருக்கிறது. நான் முதலில் சொன்ன அந்த ஒரு சிட்டிகை அதுதான். குளவியும் கூடவே இருக்கிறது.

கதை இத்தோடு நிற்கவுமில்லை. 2020இல் கேரளத்தின் திருச்சூரில் மரவள்ளியைத் தாக்கும் வேறொரு மாவுப்பூச்சி வந்திருப்பது தெரிந்தது. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மரவள்ளித் தோட்டங்களும் அதனிடம் சிக்கின. இது தென் அமெரிக்காவிலிருந்து 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து பெரும் நாசம் விளைவித்த பூச்சி. அங்கே இதை அடக்கிய குளவியின் பெயர் அனாகைரஸ் லோபெசி. பராகுவே நாட்டில் தேடிக் கண்டுபிடித்தது. அதையே ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து 2022இல் சேலம் மாவட்டத்தில் வெளியிட்டார்கள். இந்த மாவுப்பூச்சியில் ஆண் துணையின்றிப் பெண்ணே முட்டையிடும். முட்டையெல்லாம் பெண்ணாகவே பிறக்கும். அப்படியானால் 200 முட்டைக்கு எத்தனை மகள்கள்? எண்ணிக்கை கூடாமல் நிற்க 200இல் எத்தனை இறக்க வேண்டும்? சதவீதத்தில் எவ்வளவு? விடையை உங்கள் நோட்டில் எழுதுங்கள்.

செய்து பாருங்கள்

மாவுப்பூச்சி பிடித்த பப்பாளி இலையின் ஒரு துண்டை, பூச்சி கலையாமல் வெட்டி வாயகன்ற கண்ணாடிப் புட்டியில் போடுங்கள். எறும்பு இருந்தால் நீக்கிவிடுங்கள். புட்டியின் வாயை நெருக்கமாக நெய்த மெல்லிய துணியால் மூடி நூலால் கட்டுங்கள். கொசுவலைத் துணி உதவாது, குளவி அதன் கண்களில் புகுந்து போய்விடும். வெயில் படாத இடத்தில் இரண்டு, மூன்று வாரம் வையுங்கள். நாள்தோறும் பூதக்கண்ணாடியால் பாருங்கள். மாவுப்பூச்சிகள் சில பழுப்பாகிக் காய்கின்றனவா? அவற்றில் வட்டத் துளை தெரிகிறதா? துணியின் உட்புறத்தில் தூசி அளவு குளவிகள் ஊர்கின்றனவா? பழுப்புக் குப்பிகள் எத்தனை, உயிரோடுள்ள பூச்சிகள் எத்தனை என்று தனித்தனியே எண்ணுங்கள். நூற்றுக்கு எத்தனை என்று கணக்கிடுங்கள். நண்பர் வேறு தெருவில் எடுத்த இலையோடு ஒப்பிடுங்கள். மருந்தடித்த தோட்டத்து இலை கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புட்டியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோக வேண்டாம். குஞ்சுகள் எப்படிப் பரவும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும். குளவிகள் வெளிவந்ததும், இலையைப் பறித்த அதே மரத்தடிக்குப் புட்டியை எடுத்துச் சென்று துணியை அவிழ்த்துவிடுங்கள். குளவிகள் பறந்த பின் மிச்சமுள்ள இலைத்துண்டைச் சோப்பு நீரில் அமிழ்த்திவிடலாம்.